எச்சில் பெட்டிகள்

சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்ததும் சீதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நேற்றைய மீன் குழம்பு. அதில் யாரோ சிகரெட்டை அணைத்திருந்தார்கள். அதன்மேல் மூக்குச் சிந்திய டிஷ்யூ ஒன்று ஊறிக் கிடந்தது.

"இன்னும் முப்பத்தொம்பது இருக்கு," என்றான் யோகராஜ், ஆட்டோவிலிருந்து பைகளை இறக்கியபடி. "பாத்துத் திற. எதுலயாவது பல்செட் கிடக்கும்."

"வாய மூடுங்க."

மஹய்யாவையில் தன் வீட்டுப் பின்கட்டில் சீதா சமைப்பாள். அம்பிட்டியவிலிருந்து வரும் அகீலா ஆள் பிடிப்பாள், பேசுவாள். யோகராஜ் தன் ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுப்பான். டவுன் ஒபிஸ்களில் நாற்பது பேருக்குப் பகல் சாப்பாடு. இப்படியே இரண்டு வருஷம்.

சோறு கட்டும் பொலித்தீன் லன்ச் ஷீட் வேண்டாம், சில்வர் பெட்டியில் அனுப்பித் திரும்ப எடுப்போம் என்பது அகீலாவின் யோசனை. நல்ல யோசனைதான். சாக்கடைக் கானை அடைத்துக்கொண்டு நிற்கும் லன்ச் ஷீட்டுகளைச் சீதா தினமும் பார்க்கிறாள். ஆனாலும் அன்று, "பாப்போம்," என்றாள்.

அவள் வீட்டில் பாப்போம் என்றால் வேண்டாம் என்று பொருள். பெண் கேட்டு வந்தவர்கள்கூட அந்தச் சொல்லைக் கேட்டால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அகீலா எழவில்லை. அடுத்த வாரம் நாற்பது பெட்டிகளோடு வந்து இறங்கினாள். கழுவும் வேலை சீதா தலையில் விழுந்தது.

பதினைந்து நாளாகிறது. சீதாவுக்குச் சோறு இறங்கவில்லை. தான் சமைத்ததே மறுநாள் புளித்து, நுரைத்து, அடுத்தவர் கடித்த எலும்போடு திரும்பி வந்தது. இன்று சொல்லிவிட வேண்டும். பக்குவமாகச் சொல்ல வேண்டும். அகீலா கோபித்துக்கொண்டு போனால் அடுப்பு எரியாது.

அகீலா வாசலிலேயே தொடங்கிவிட்டாள்.

"சீதாக்கா, இன்சூரன்ஸ் ஒபிஸ்ல அறுபது பேர்! பெட்டின்டு சொன்னதும் பிடிச்சிப் போச்சு. பகலைக்குள்ள பதில் கேக்கிறாங்க."

"சந்தோஷம்," என்றாள் சீதா. "உன் யோசனைய யாரும் குறை சொல்ல முடியாது அகீலா. ஆனா பாரு, தண்ணி பத்து மணிக்கெல்லாம் நின்னுடுது."

"பீப்பா வைப்போம். எங்கட வீட்ல ஒண்டு சும்மா ஈக்கிது."

"காயவைக்க இடமில்ல. முந்தாநாள் ரெண்டு மூடிய குரங்கு தூக்கிட்டுப் போயிருச்சு."

"வலை அடிப்போம்."

"நூறு பெட்டி கழுவ ஆளு?"

"நான் வாறேன். இதென்ன பெரிய வேலையா?"

அகீலா கையை மடித்துவிட்டுக் குந்தினாள். திறந்து கிடந்த பெட்டிக்குள் வெறுங்கையை விட்டு டிஷ்யூவையும் சிகரெட்டையும் எடுத்து எறிந்தாள். "சீ! என்ன மனுஷன் இவன்," என்று சிரித்தாள். சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, அலசி, பளபளவென்று தூக்கிக் காட்டினாள்.

"பாத்தீங்களா? எல்லாம் போய்ட்டு."

சீதாவுக்குக் குமட்டியது. பெட்டியைப் பார்த்து அல்ல, அந்தச் சிரிப்பைக் கேட்டு. அகீலா தொட்டால் அது வேலை. கழுவிவிட்டு எழுந்து போகலாம். இது உங்கள் சாதிக்காரர் வேலைதானே என்று அவளிடம் யாரும் சொல்லப்போவதில்லை.

மஹய்யாவையின் பாதிப் பேரைப் போலச் சீதாவின் அம்மாவும் முப்பது வருஷம் டவுனைக் கூட்டினாள். சாப்பாட்டுக் கடைகளின் பின்கதவில் வாளி வாளியாக எச்சில் அள்ளினாள். அந்த வாடை சேலையோடு வீட்டுக்கு வந்தது. சீதாவின் யூனிபோமில் ஏறிப் பள்ளிக்கூடத்துக்கும் போனது. பக்கத்தில் இருந்த பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு வாங்கு மாறி உட்கார்ந்தாள்.

"அகீலா, நான் கழுவ மாட்டேன்."

"அதான் நான் வாறேன்டு சொல்றேனே."

"நீ கழுவினாலும் இந்த வாசல்ல வேணாம். டவுன்காரன் எச்சில் மறுபடி மஹய்யாவைக்கு வர வேணாம். எங்க அம்மா அள்ளினது போதும். நான் அடுப்படிக்கு வந்ததே அதுலயிருந்து தப்பத்தான்."

குரல் உயர்ந்துவிட்டது. பக்குவம் எல்லாம் போயிற்று. யோகராஜ் கையிலிருந்த பையைக் கீழே வைத்தான்.

அகீலா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அப்ப ஏன் அண்டைக்குப் பாப்போம்டு சொன்னீங்க?"

"பாப்போம்னா வேணாம்னுதானே அர்த்தம்."

"எங்கட வாப்பா பாப்போம்டு சொன்னா அடுத்த நாள் சாமான் வீட்ல ஈக்கும்!"

யோகராஜ் சிரிக்கப் போனான். இரண்டு பேர் முகத்தையும் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அகீலா அங்கேயே நின்று போன் எடுத்தாள். பெட்டி சரிவராது என்றாள். அந்தப் பக்கம் பேசியதைக் கேட்டாள். "சரி சேர்," என்று வைத்தாள்.

"பெட்டி இல்லாட்டி வேணாமாம். அறுபதும் போய்ட்டு."

சீதா மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் பொய்யாகிவிடும்.

அகீலா பெட்டிகளைப் பைகளுக்குள் திணித்தாள். "எங்கட வீட்ல கழுவி யாருக்காவது குடுக்கிறேன்." தூக்கவந்த யோகராஜைத் தடுத்தாள். "விடுங்க அண்ணே." பை சரிந்தது. புளித்த குழம்பு ஒழுகி அவள் அபாயாவின் ஓரத்திலும் செருப்புக்குள்ளும் இறங்கியது. கால் விரல்களுக்கிடையில் ஏதோ வழுக்கியது. குனிந்து பார்த்தாள். பருப்பும் ஒரு மீன் கண்ணும்.

அவள் முகம் சுருங்கியது. இந்த முறை சிரிப்பு வரவில்லை. வாயை அழுத்திப் பொத்திக்கொண்டாள்.

சீதா ஒரு செம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றினாள். வாடை போகவில்லை. அதோடுதான் அகீலா ஆட்டோவில் ஏறினாள்.

"நாளைக்கு எத்தனை பேருக்கு அரிசி போட?" சீதா கேட்டாள்.

"நாப்பதுக்கு," என்றாள் அகீலா, அவளைப் பார்க்காமல். "லன்ச் ஷீட் நான் கொண்டுவாறேன், இண்டைக்குப் பகலுக்கும் சேத்து."