ஐந்தாவது ஓட்டு

டிக்கெட்டக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவள் தங்கச்சிதான். நாளடைவில் கிளினிக்கில் எல்லாருக்கும் அதுவே பழகிவிட்டது. பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் முன்மேசை அவளுடையது. வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்க வேண்டும், பயந்தவர்களைப் பேசிப் பேசி உள்ளே அனுப்ப வேண்டும். தாடையைப் பிடித்துக்கொண்டு வருகிறவரிடம்கூட, "சனிக்கிழமை நல்ல நாடகம் ஒண்ணு இருக்குங்க. பல்லைப் பிடுங்கிட்டு நேரா போயிடுங்க. சிரிக்க மட்டும் வாயைத் திறக்காதீங்க" என்பாள். சம்பளத்தில் வீட்டுக்குப் போனது போக மிச்சமெல்லாம் டிக்கெட்டாகத்தான் மாறும்.

அவள் கணவர் கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அதிகம் பேசமாட்டார். கல்யாணமான புதிதில், "மாப்பிள்ளைக்கு வாய் இருக்கா, இல்ல அதையும் கழட்டி டூல் பெட்டியில வச்சிருக்காரா?" என்று தங்கச்சி கேட்டது வீட்டில் இன்றைக்கும் ஓடுகிற நகைச்சுவை. அவரும் மனைவியோடு நாடகத்துக்குப் போவார். விளக்கு அணைந்தால் கண்ணும் அணைந்துவிடும்.

நாடகச் சங்கம் ஆண்டுதோறும் விருது விழா நடத்தும். அதில் நடிகர்கள், பேராசிரியர்கள் எல்லாம் கூடிக் கொடுக்கிற விருதுகள் போக, ரசிகர் விருது என்று ஒன்று உண்டு. விண்ணப்பம் போட்ட பார்வையாளர்களில் ஐந்து பேரைக் குலுக்கல் முறையில் எடுப்பார்கள். போட்டியில் உள்ள நாடகங்களையெல்லாம் அவர்கள் பார்த்து ஓட்டுப் போட வேண்டும். டிக்கெட்டக்கா வருஷம் தவறாமல் விண்ணப்பித்தாள். வருஷம் தவறாமல் அவள் பெயர் விழவில்லை. இந்த முறை, எதற்கும் இருக்கட்டும் என்று கணவர் பெயரிலும் ஒன்றை அனுப்பிவைத்தாள். விழுந்தது அவர் பெயர்.

அன்றைக்குச் சமையலறையில் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து தங்கச்சிக்குப் போன் போட்டாள். "போகட்டும்டி. குதிரை அவரா இருந்தா என்ன, கடிவாளம் என் கையிலதானே?"

குழுவில் இருப்பவர்களுக்கு எல்லா நாடகத்துக்கும் இரண்டு இருக்கை இலவசம். இரண்டு மாதம் ஒன்றாகப் போனார்கள். ஆச்சரியம் என்னவென்றால், அவர் தூங்கவில்லை. பொறுப்பு என்று ஒன்று வந்துவிட்டதால் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார்.

அவற்றில் ஒன்றுதான் 'கொடித்துணி'. சின்ன அரங்கு, இரண்டே பேர் நடிப்பு, மேடையில் ஒரு துணிக்கொடி, அவ்வளவுதான். புருஷனும் பெண்டாட்டியும் துணி காயப்போடுகிறார்கள். அவள் என்ன கேட்டாலும் அவனிடமிருந்து வருவது ஒரே ஒரு "ம்". கடைசியில் அவள் கொடியில் தொங்குகிற சட்டையிடம் பேச ஆரம்பித்துவிடுகிறாள். "உனக்காவது ரெண்டு கை இருக்கு, காத்தடிச்சா கட்டிக்கிற" என்று அந்த நடிகை சட்டையின் கைகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டபோது அரங்கமே அதிர்ந்தது. டிக்கெட்டக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முழங்கையால் கணவரை இடித்து, "அப்படியே நீங்கதாங்க!" என்றாள். பின் வரிசையில் இருந்தவர்கள் அதைக் கேட்டு இன்னொரு தரம் சிரித்தார்கள்.

அதே வாரம் தங்கச்சி வீட்டில் முழுக் காட்சியையும் நடித்துக் காட்டினாள். தங்கச்சி வீட்டுக்காரர் கீழே விழாத குறை. லிஃப்ட்காரர் எழுந்து போய்ச் சமையலறைக் குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் குடித்தார்.

டிக்கெட்டக்கா 'கொடித்துணி'யை மறுபடி மறுபடி போய்ப் பார்த்தாள். நாடகம் முடிந்ததும் பின்வாசலில் காத்திருந்து அந்த நடிகையிடம் பேசுவாள். நடிகைக்கு அவள் வயதில் பாதிதான் இருக்கும். பகலில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். "அக்கா, எங்க நாடகத்துக்கு எல்லாம் ஏது விருது? 'ஏழாம் கோட்டை' நாடகக்காரங்க செட்டுக்கே கோடி கோடியா கொட்டியிருக்காங்க" என்பாள்.

"மத்த விருதெல்லாம் எனக்குத் தெரியாது. ரசிகர் விருதுல எங்க வீட்டு ஓட்டு உனக்குத்தான். எழுதி வச்சுக்கோ."

நடிகை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியின் சூட்டோடு அவள் வீடு வந்து சேர்ந்தாள்.

ஓட்டுப் போடுகிற நாள் கணவர் வேலைக்கு நடுவே சங்க அலுவலகத்துக்குப் போய் வந்தார். அவர் பூட்ஸைக் கழற்றுவதற்குள் கேட்டாள்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"'கொடித்துணி'க்குத்தானே?"

"ம்."

"வாயைத் திறந்து சொல்லுங்க."

"ஆமாம்னுதானே சொல்றேன்."

அவருக்குப் பிடித்த மாதிரி கெட்டியாக ஒரு டீ போட்டுக் கொடுத்தாள்.

விழா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பெரிய அரங்கு. குழுவில் இருந்தவர்களுக்கும் அவர்களோடு வந்தவர்களுக்கும் நடு வரிசையில் இடம். டிக்கெட்டக்கா விசேஷங்களுக்கு மட்டும் எடுக்கிற உடுப்பை உடுத்தியிருந்தாள். நாலு வரிசை முன்னால் நடிகை உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். இவளும் அசைத்தாள். கணவர் விழா நிரலைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் இரண்டே பக்கம்தான் எழுத்து, மீதி விளம்பரம். அவர் விளம்பரத்தையும் விடவில்லை.

ஒளியமைப்பு 'ஏழாம் கோட்டை'க்கு. இசை 'ஏழாம் கோட்டை'க்கு. சிறந்த நடிகையாக 'ஏழாம் கோட்டை' ராணி மேடையேறி, தன் நாய்க்குட்டி வரைக்கும் நன்றி சொன்னாள். "சுவத்துக்குப் பின்னால நின்னு கத்தினதுக்கு விருதாம்" என்று டிக்கெட்டக்கா முணுமுணுத்தாள். "இருக்கட்டும், நம்ம விருது வரட்டும்."

வந்தது. அறிவிப்பாளர் உறையைப் பிரித்துப் படித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். "ரசிகர் விருது. வழக்கமாக இதில் கடும் போட்டி இருக்கும். இந்த ஆண்டு ஐந்து பேரும் ஒருமனதாக ஒரே நாடகத்துக்கு வாக்களித்திருக்கிறார்கள்!"

ஐந்து பேரும்! டிக்கெட்டக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஐந்தில் ஒன்று தன் வீட்டு ஓட்டு. அது எங்கே போனது என்று அவளுக்குத் தெரியும். அப்படியென்றால் மற்ற நாலும் அங்கேதான் போயிருக்க வேண்டும். இருக்கையை விட்டுப் பாதி எழுந்தே விட்டாள். முன்னாலிருந்த நடிகையும் அதே கணக்கைப் போட்டிருந்தாள் போல. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண் முழுக்கச் சிரிப்போடு டிக்கெட்டக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"'ஏழாம் கோட்டை'!"

அரங்கம் கைதட்டியது. டிக்கெட்டக்கா பாதி எழுந்தவள் அப்படியே நின்றாள். நடிகையின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. மெதுவாகத்தான் போனது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிடக் கன்னத்தில் ஓர் அறை வாங்கியிருக்கலாம். பிறகு நடிகை முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். விழா முடியும்வரை அந்தத் தலை திரும்பவில்லை.

அதோடு விட்டார்களா? "அந்த ஐந்து ரசிகர்களும் எழுந்து நிற்கலாமே" என்றார் அறிவிப்பாளர். விளக்கு ஒவ்வொருவராகத் தேடி வந்தது. லிஃப்ட்காரர் எழுந்து நின்றார். வெளிச்சம் அவர் மேலும் விழுந்தது, பக்கத்தில் நின்ற அவள் மேலும் விழுந்தது. ஊரே அவர்களைப் பார்த்துக் கைதட்டியது.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் அவருடைய வேலை வேன் நின்றது. அவர் முன்கதவைத் திறந்து பிடித்தார். அவள் பின்கதவைத் திறந்து, கம்பிச் சுருளுக்கும் கிரீஸ் டப்பாவுக்கும் நடுவில், விசேஷ உடுப்போடு ஏறி உட்கார்ந்தாள்.

"முன்னால வா. உடுப்பு வீணாப் போகும்."

"போகட்டும்."

பாதி வழி வரை ஸ்பேனர்கள் குலுங்குகிற சத்தம் மட்டும்தான். பிறகு அவரே ஆரம்பித்தார். "அந்தக் கோட்டை செட்டு... மூணு மாடி உயரம். மேடைக்குக் கீழேருந்து மேல வந்துச்சே, ஒரு குலுங்கல் இல்ல. ஒரு சத்தம் இல்ல."

"அப்போ லிஃப்டுக்கு ஓட்டுப் போட்டீங்க."

அவர் கியரை மாற்றி வேகத்தைக் கூட்டினார்.

வீட்டுக்குள் வந்ததும் கதவைச் சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றாள். "ஓட்டு உங்களது. யாருக்கு வேணும்னாலும் போடுங்க. என்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க? அந்தப் பொண்ணு முகத்துல நான் இனிமே எப்படி முழிப்பேன்? கூடவே உக்காந்து, நான் போட்ட டீயைக் குடிச்சிட்டு, நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டீங்களே!"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். ஒன்றை அவிழ்த்துவிட்டு நிறுத்தினார். பிறகு பேச ஆரம்பித்தார். அவர் அவ்வளவு பேசி அவள் அதுவரை கேட்டதில்லை.

"ஊரே சிரிச்சுது, சிரிக்கட்டும். அவங்களுக்கு என்னைத் தெரியாது. நீ இடிச்சு இடிச்சுச் சிரிச்ச. 'அப்படியே நீங்கதான்'னு ஊருக்குக் கேக்கச் சொன்ன. நாளெல்லாம் லிஃப்ட் குழியில நிக்கிறேன், தலைக்கு மேல இரும்புப் பெட்டி தொங்குது. கவனம் பிசகினா அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தா வாயில வார்த்தை வர மாட்டேங்குது. அந்த நாடகத்தை எழுதினவனுக்கு அது தெரியல. உனக்குத் தெரியும்னு நினைச்சிருந்தேன்."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா? அதையும் உன் தங்கச்சி வீட்ல நடிச்சுக் காட்டியிருப்ப."

சுருக்கென்றது. காட்டியிருப்பாள்தான். நன்றாகவே காட்டியிருப்பாள். ஆனாலும் கோபம் இறங்கவில்லை. தன் மேல் தவறு இருக்கிறது என்று தெரிந்த பிறகு வருகிற கோபத்துக்கு உறைப்பு அதிகம்.

பேச்சுவார்த்தை நின்றது. சோற்றைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விடுவாள். அவர் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார். தங்கச்சி விஷயத்தைக் கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தபோது, "சிரிக்காதடி" என்று போனை வைத்துவிட்டாள்.

நடிகையைப் பார்க்கப் போவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்துக் கடைசியில் போனாள். பின்வாசலில் காத்திருந்து உள்ளதை உள்ளபடி சொன்னாள். தான் சொன்னது நம்பிச் சொன்னது என்றும், தானும் ஏமாந்தவள்தான் என்றும் சொன்னாள். கணவர் சொன்ன காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

"பரவாயில்லக்கா. அஞ்சும் அங்கதானே போச்சு, ஒண்ணு இருந்தா மட்டும் ஜெயிச்சிருப்போமா?" என்றாள் நடிகை. பேச்சில் குறை இல்லை. கையை மட்டும் நீட்டவில்லை. "காலையில வண்டி எடுக்கணும்க்கா" என்று சொல்லி நடந்துவிட்டாள். விருது இல்லாத நாடகத்துக்குக் கூட்டம் ஏது? அடுத்த மாதமே 'கொடித்துணி'யைத் தூக்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த முதல் சனிக்கிழமை ஒரு புது நாடகம். அவள் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவர் குளித்துத் தலைவாரிக்கொண்டு வந்து நின்றார்.

"நானும் வரட்டுமா?"

"ஒரு டிக்கெட்தான் கிடைச்சுது" என்றாள். பொய். அரங்கு பாதி காலி என்று அவளுக்கும் தெரியும், அவள் முகத்தைப் பார்த்த அவருக்கும் தெரிந்திருக்கும்.

தனியாகப் போய் உட்கார்ந்தாள். அந்த நாடகத்திலும் சிரிப்புக்கான இடங்கள் இருந்தன. ஒரு கிழவன் மேடையில் செருப்பைத் தேடித் தேடி அலைந்தான், எல்லாரும் சிரித்தார்கள். இவளுக்கு, அவனுக்கு முட்டி வலிக்குமோ என்று தோன்றியது. அப்படித் தோன்றியதில் அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது. இத்தனை வருஷமாக ஒழுங்காகச் சிரித்துக்கொண்டிருந்தவளை இந்த மனுஷன் கெடுத்துவிட்டாரே என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"நாடகம் எப்படி?" என்றார். அவராக அப்படிக் கேட்டதில்லை.

அவள் நின்றபடியே, "முதல் பாதி இழுவை" என்றாள். அப்புறம் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "கதையைச் சொல்றேன். ஆனா ஒண்ணு. நான் சிரிச்சது தப்பு, ஒத்துக்கறேன். நீங்க பொய் சொன்னதை நான் இன்னும் மன்னிக்கல. சீக்கிரம் மன்னிக்கவும் மாட்டேன். தெரிஞ்சுக்கோங்க."

"சரி" என்றார் அவர். எழுந்து போய் இரண்டு தட்டு எடுத்து வந்தார். அவள் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். யாரையும் நடித்துக் காட்டாமல், வெறுமனே சொன்னாள்.