மூன்றாவது தடவை

தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் அக்காவின் மேலுதட்டை மறுபடியும் துடைத்தாள் கத்தரின். கறுப்பு போகவில்லை. இருபது வருஷம் ஒட்டு மீசையும் பிசினும் இருந்த இடம் அது. உயிரோடு இருந்தபோதே போகாதது இப்போதா போகப்போகிறது? தெரிந்தும் கை நிற்கவில்லை.

வெளியே அஞ்சடி நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கோயில் உபதேசியார் ஸ்டானிஸ்லாஸ் எட்டிப் பார்த்தார். அவர் கூப்பிடுவது இது நான்காவது முறை.

"கத்தரின், பங்குச் சாமி பதினோரு மணிப் படகுல ஆத்தைத் தாண்டி வந்துருவார். வந்ததும் என்னைத்தான் கேப்பார். சாகறதுக்கு முன்னால பாவத்துக்கு வருந்தி மனஸ்தாப மந்திரம் சொன்னாளா, இல்லையா? சொல்லியிருந்தா மணி அடிச்சு கல்லறைத் தோட்டத்துல அடக்கம். இல்லேன்னா வேலிக்கு வெளியதான். ஆம்பள வேஷம் கட்டி ஆடினவ, பாரு."

"இருங்க உபதேசியார். அக்காவுக்குச் சேலை மாத்திட்டு வர்றேன்."

சேலை விடியும்போதே மாற்றியாகிவிட்டது. அதே மடிப்பை இன்னொரு தரம் நீவிவிட்டுக் கொல்லைப்புறம் போனாள். போன காரியம் மறந்து திரும்பி வந்தாள்.

கெர்ட்ரூட் பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் போனவள். மூவாரில் ஒரு மாதம் கொட்டகை போட்ட நாடகக் கம்பெனி மூட்டை கட்டியபோது அவளும் கூடவே போய்விட்டாள். அப்பா அன்றைக்கே குடும்ப ஜெபத்தில் அவள் பெயரை நிறுத்தினார். பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வரை சுவரொட்டிகளில் அவளை 'ராஜபார்ட் கனகவல்லி' என்று பெரிய எழுத்தில் ஒட்டினார்கள். அவள் ராஜாவாக வாளோடு வருவதைப் பார்க்கத் தோட்டத்து ஜனம் லயத்து வீடுகளைப் பூட்டிக்கொண்டு நடந்தது. அப்பா செத்தபோதுகூட அவளுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு தகரப் பெட்டியோடும் எலும்புருக்கி நோயோடும் வந்து இறங்கினாள்.

நேற்றுப் பிற்பகல் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. சாமியாருக்கு ஆள் போயும் அவர் வந்து சேரவில்லை. கத்தரினே சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை அக்காவின் கையில் வைத்து, மந்திரத்தை வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தாள். கெர்ட்ரூட் திருப்பிச் சொன்னாள். முடித்ததும் முகம் சுளித்தாள்.

"சரியா வரல. குரல் மேலயே நிக்குது. இன்னொரு வாட்டி."

இரண்டாவது தடவை சொன்னாள். அதுவும் பிடிக்கவில்லை. மூன்றாவது தடவை மிகவும் தணிந்த குரலில், ஒவ்வொரு சொல்லாக இறக்கி வைத்தாள். கண்ணீர் வழிந்து காதோரம் இறங்கியது. பிறகு கண்ணைத் திறந்து கேட்டாள்.

"கத்தரு, எது நல்லா இருந்துச்சு?"

கத்தரினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இது என்ன உங்க கொட்டாயா? சாகப்போற நேரத்துலயும் நாடகமா?" என்று கத்திவிட்டுக் கஞ்சி வைக்க எழுந்து போனாள். கஞ்சியோடு திரும்பியபோது அக்கா இல்லை.

இப்போது என்னவென்று சொல்வது? சொன்னாள் என்றால் பொய்யா? சொல்லவில்லை என்றால் வேலிக்கு வெளியே, பன்றி கிளறும் புதரில் அக்கா கிடக்க வேண்டும்.

கொல்லைக் கதவருகே மணியம் நின்றிருந்தார். பதினைந்து வருஷம் அக்காவுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். பாலோ ஊரில் கம்பெனி தங்கியிருக்க, செய்தி கேட்டு லாரியில் தொற்றிக்கொண்டு வந்திருந்தார். உபதேசியாருக்குப் பயந்து வாசல் பக்கம் வரவில்லை.

"அண்ணே, அக்கா ஒத்திகையில அழுவாங்களா?"

மணியம் விழித்தார். "ஒத்திகையிலயா? சேச்சே. பெத்த புள்ள சாகற சீனைக்கூட வெத்தல மென்னுக்கிட்டே சொல்லும். கண்ணீரை இங்கயே கொட்டிட்டா மேடையில கண்ணீருக்கு எங்கடா போவேன்னு கேக்கும்."

"மேடையில அழுதா அது நடிப்புதானே?"

"நானும் கேட்டுட்டேன் தங்கச்சி. செடெனாக்குல ஆடினப்ப ஒரு நாள் திரை விழுந்த பொறகும் அழுதுக்கிட்டே இருந்துச்சு. என்னக்கா, இன்னுமா நடிக்கிறேன்னேன். எது நடிப்பு, எது நெசம்னு எனக்கே தெரியல, வாயை மூடு மணியம்னு சொல்லிருச்சு."

சொல்லிவிட்டு அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"கத்தரின்!"

இந்தத் தடவை அவள் நேராக வாசலுக்குப் போனாள்.

"சொன்னாங்க உபதேசியார்."

"முழுசாவா?"

"முழுசா. மூணு தடவ."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மூணு தடவையா? எங்கப்பாவே ஒரு தடவைதான் சொன்னார்."

"மொத ரெண்டும் அக்காவுக்குத் திருப்தியா இல்ல."

உபதேசியார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "நம்மள்ள யாரு லா அப்படி வருத்தப்படறோம்," என்று முணுமுணுத்துவிட்டு, மணியடிக்கச் சொல்லக் கோயிலுக்கு நடந்தார்.

பதினொன்றரைக்கு மணி கேட்டது. சவப்பெட்டி செய்து கொடுத்த சீனத் தச்சர் மூடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாயில் நாலு ஆணியைக் கவ்விக்கொண்டு காத்திருந்தார். கத்தரின் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். பெட்டிக்குள் குனிந்து, அக்காவின் காதருகே வாயை வைத்தாள்.

"மூணாவதுதான்க்கா."

நிமிர்ந்து, எண்ணெய்த் துணியை முந்தானையில் முடிந்துகொண்டு, தச்சருக்கு வழிவிட்டாள்.