விளக்கணைத்தால் திரும்பும் டிரம் செட்

அந்த வீட்டு டிரம் செட் விளக்கை அணைத்தால் திரும்பிக்கொள்ளும். வலக்கைக்காரர் வாசிப்பதற்கு ஏற்றபடி அடுக்கி வைத்தாலும், விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் தரை டிரம் இடப்பக்கம் போயிருக்கும், காலால் மிதிக்கிற ஜோடித்தட்டு வலப்பக்கம் வந்திருக்கும். டிரம்ஸ்காரர் இறந்த வாரத்தில் தொடங்கிய பழக்கம் இது. தெருக்காரர்கள் கொஞ்ச நாள் இதைப் பற்றிப் பேசினார்கள், பிறகு குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள். அவர் மனைவி வாசல் அறையில் தையல் கடை வைத்திருந்தாள். சத்தம் போடாமல் திரும்புகிறவரை தனக்கொன்றும் தொந்தரவில்லை என்று சொல்லிவிட்டாள். அவர் இருந்தபோதும் வீட்டில் எல்லாவற்றையும் இப்படித்தான் மாற்றி வைப்பார். அவருடைய இடக்கையில் மாட்டி அவளுடைய நல்ல கத்தரிக்கோல்கள் இரண்டு பதம் கெட்டுப்போயின.

அவளுடைய தொந்தரவு வேறு. அது கொழுந்தன். வாலிபத்தில் அவள் கணவர் ஓர் இசைத்தட்டுக்கு வாசித்தார். நாலு பேர் முன்னால் அவருக்கு வாய் திறக்க வராது என்பதால் கம்பெனிக்காரர்களிடம் பேசப் போனது தம்பி. தட்டு வெளிவந்தபோது அட்டையில் தம்பியின் பெயர், தம்பியின் முகம், தம்பியின் கையில் இரண்டு குச்சிகள். நடுவில் டிரம்ஸ் மட்டும் தனியாக வருகிற இடம் ஒன்று அதில் உண்டு. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டு அதைக் கேட்டார்கள். அந்த ஒரு தட்டை வைத்துத் தம்பி மாடி வீடு கட்டினான், போட்டிகளில் நடுவராக உட்கார்ந்தான். மேடையில் அந்த இடம் வரும்போது மட்டும் மணிக்கட்டு வலி என்று சொல்லிக் குச்சியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிடுவான். முப்பது வருடம் வலித்த மணிக்கட்டை எந்த வைத்தியரிடமும் அவன் காட்டியதில்லை. அண்ணன் நடன விடுதிகளில் வாசித்துக் காலம் தள்ளினார். அவள் பொருமினால், "விடு, தம்பிதானே" என்பார். அவர் மன்னித்துவிட்டுத்தான் செத்தார். அவளை யாரும் கேட்கவில்லை, அவள் மன்னிக்கவும் இல்லை. துணியைக் கத்தரிக்கும்போதெல்லாம் கொழுந்தனின் கழுத்துதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

சாவுக்கு வந்துவிட்டுப் போன பிறகு அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டாதவன், ஒருநாள் கை நிறையப் பழத்தோடு வந்தான். அந்த இசைத்தட்டைக் கொண்டாடப் பெரிய அரங்கில் நிகழ்ச்சி வைக்கிறார்களாம், பழைய செட்டே மேடையில் இருக்க வேண்டும் என்கிறார்களாம். "சும்மாதானே கிடக்குது அண்ணி" என்றான். "சும்மா கிடக்கட்டும். ஆனா சும்மா தர மாட்டேன் தம்பி. ஆளைக் கூப்பிட்டு விலை பார்த்துத்தான் தருவேன்" என்றாள்.

பழைய வாத்தியங்களை வாங்கி விற்கிற வியாபாரி வந்தார். பார்க்கிற பொருளையெல்லாம் முகர்ந்து பார்க்கிற மனிதர். டிரம்முக்குள் விளக்கடித்துப் பார்த்தார், விளிம்பைச் சுற்றி நகத்தால் ஓட்டினார், கறுத்துப் பச்சை படர்ந்திருந்த வெண்கலத் தட்டுகளைப் பார்த்து, "நல்லவேளை, யாரும் தேய்க்கல. தேய்ச்சிருந்தா பாதி விலை போயிருக்கும்" என்றார். பிறகு பெரிய டிரம்மின் மிதிகட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவினார்.

"இது இடதுகால் மிதிச்ச கட்டை. கட்டைவிரல் குழி வலப்பக்கமா விழுந்திருக்கு பாருங்க. சாருக்கு எந்தக் கைப் பழக்கம்?"

கொழுந்தன் வலக்கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

"அந்த இசைத்தட்டுக்கு வாசிச்ச செட்டுன்னா இதோட மதிப்பே வேற. ஆனா அப்படின்னா வாசிச்சவர் இடதுகைக்காரர். இல்ல, சார்தான் வாசிச்சார்னா இது அந்தச் செட்டே கிடையாது, வெறும் பழைய மரம். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார் வியாபாரி.

"பழைய மரம்தான்" என்றான் கொழுந்தன். விலையும் குறைந்தது, மானமும் தப்பியது என்று அவனுக்கு வாயெல்லாம் பல். மேடைக்கு முன்னால் அண்ணன் பெயரைச் சொல்ல அவனுக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு அதுதான் என்று அவளுக்குத் தெரியும். மரத்தின் விலைக்கே தந்தாள், ஒரே ஒரு நிபந்தனையோடு. அந்த மேடையில் அவனே உட்கார்ந்து வாசிக்க வேண்டும், குச்சியை யாரிடமும் கொடுக்கக் கூடாது. பழைய இசைத்தட்டையே ஓட விட்டுக் கையை மட்டும் ஆட்டினால் போயிற்று என்று கணக்குப் போட்டு அவன் சத்தியம் செய்தான். விளக்கு விஷயத்தை அவள் சொல்லவில்லை. வாங்குகிறவன் கேட்டால்தானே சொல்ல முடியும்.

வெண்கலத் தட்டுகளைப் புளி போட்டுத் தேய்த்துத் தங்கமாக்கி, செட்டை வலக்கைக்கு அடுக்கி, ஆணி அடித்து மேடைப் பலகையோடு முடுக்கினார்கள். அவன் நுழைவதற்கு முன் வழக்கப்படி அரங்கின் விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்தார்கள். மறுபடி போட்டபோது செட் திரும்பியிருந்தது. ஆணிகளும் கூடவே இடம் மாறி, அந்தந்தத் துளையில் ஒழுங்காக இருந்தன. இசைத்தட்டு ஓடியது. சத்தம் ஒரு பக்கம் கேட்க, அவன் கை மறுபக்கம் இருட்டில் செருப்பைத் தேடுகிறவன் மாதிரி துழாவியது. முதல் வரிசையில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும். மூன்றாவது வரிசையில் இருந்த தையல்காரி மட்டும் சிரிக்கவில்லை. தன் புருஷன் வாசிப்பதை அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

செட் அவன் வீட்டுக்குப் போனது. அங்கே அது தனியாகத் திரும்பவில்லை, வீட்டையும் கூட்டிக்கொண்டு திரும்பியது. முதல் வாரம் கதவுகளின் கீல்கள் இடம் மாறின, அடுத்து சட்டைப் பொத்தான்கள், அப்புறம் மாடிப்படி. வைத்தியர் அவனுடைய இடது மார்பில் குழாயை வைத்து ஒன்றும் கேட்காமல் வலது மார்புக்கு நகர்த்தினார், இப்படியும் சிலர் உண்டு என்று மருந்தெழுதாமல் அனுப்பிவிட்டார். வலக்கை சொன்னபடி கேட்காமல் போய், இடக்கையால் சிந்திச் சிந்திச் சாப்பிட்டான். விளக்கை அணைக்காமலே இருந்து பார்த்தான், மின்சாரம் போனது. வெளியே தூக்கி வைத்தான், விடிந்தபோது கூடத்தில் நின்றது. கடைசியில் வியாபாரியைக் கூப்பிட்டான்.

"பழைய மரம்னு சொன்னது நீங்கதானே சார்? வெண்கலத் தட்டுகளையும் தேய்ச்சுக் கெடுத்துட்டீங்க. அண்ணன்தான் வாசிச்சார்னு நாலு பேர் முன்னால சொல்லுங்க, நாளைக்கே வண்டியோட வரேன். இல்லன்னா விறகுக்குக்கூட எனக்கு வேணாம்" என்று அவர் படியிறங்கினார்.

அவன் தையல் கடைக்கு வந்தான், கால் மாறிய செருப்போடு. "காசே வேணாம் அண்ணி, எடுத்துக்குங்க" என்றான்.

"கறந்த பால் மடி புகுமா தம்பி?" என்றாள் அவள், இயந்திரத்தை நிறுத்தாமல்.

"நான் உண்மையைச் சொல்லிட்டா நின்னுடுமா?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சாகணும். சொல்லிப் பாருங்க."

அவன் இன்னும் சொல்லவில்லை. வருடங்கள் ஆகிவிட்டன. தெருக்காரர்கள் அவனைக் கண்டால் இடக்கையை நீட்டிக் குலுக்கிவிட்டுப் போகிறார்கள், அவ்வளவுதான். தையல்காரிக்கு ஒன்றும் அவசரமில்லை. முன்பெல்லாம் கண் எரிகிறவரை தைத்துக்கொண்டிருப்பாள். இப்போது பொழுது சாய்ந்ததும் சுவரருகே போய், கொழுந்தனின் வீட்டை ஒருமுறை நன்றாக நினைத்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கிப்போகிறாள்.