சுவருக்கு வந்த தொந்தி

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு தொந்தியில் தொடங்கியது. காரியாபட்டி போகும் பஸ்ஸின் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒரு வீட்டுத் தோட்டத்து மண்ணைத் தாங்கி நின்ற சுவர், கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்த முதலாளி மாதிரி முன்னால் பிதுங்கியிருந்தது. கொள்முதல் அவ்வளவுதான். மீதியெல்லாம் நானே கட்டிய சரக்கு. கடைக்காரர் வீட்டில் வளர்ந்தவன் நான். எது அசல், எது கலப்பு என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பேரம் சுருக்கமாக முடியும்.

முதல் வரி இப்படி வந்தது: ‘கரிசலில் விழுந்த முதல் மழைத்துளி காளிராஜின் நெஞ்சில்—’

அடித்துவிட்டேன். காளிராஜ் வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு கம்பெனி நடத்துகிறவர். மழை அவர் நெஞ்சில் விழாது; காயப்போட்ட சரக்கில்தான் விழும்.

2

ஆக, காளிராஜ். விருதுநகருக்கு வெளியே சரிவான மனையில் வீடு. மனைவி கற்பகவல்லிக்குக் கத்தரியும் கீரையும் போட மேட்டுப்பாத்தி வேண்டும். பாத்தி நிற்கச் சமதளம் வேண்டும். சமதளம் சரியாமலிருக்கக் கீழ்ப்புறம் ஒரு சுவர் வேண்டும். அந்தச் சுவருக்குக் கீழே இருப்பது அவருடைய தங்கை அழகுமீனாவின் வீடு. அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை.

மண் குடிக்கிற தண்ணீர் வெளியே வடிய, சுவரடியில் அங்கங்கே குழாய்த் துண்டு வைக்கலாம் என்றார் கொத்தனார் சங்கிலிமுத்து.

“வேண்டாம்யா. தண்ணி அங்கன போயி அவ வாசல்ல நிக்கும். பெறவு பேச்சு வரும்.”

“வரட்டுமே முதலாளி. பேசி எம்புட்டு நாளாச்சு!”

“எங்க கம்பெனி சுவரு வெடியவே நிறுத்தும்யா. தண்ணி என்ன பெரிய தண்ணி!”

அவர் அறிந்த சுவர், வெடிமருந்து அறைகளுக்கு நடுவே எழுப்புகிற சுவர். அதில் ஓட்டை இல்லாதிருப்பதுதான் அதன் பெருமை. அது ஒரே ஒரு அடிக்காகக் காத்து நிற்கிற சுவர். தினமும் மெல்லச் சாய்ந்து தள்ளுகிற ஈரமண் அதற்குப் பழக்கமில்லை. போதாததற்குச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் வடிய ஜல்லி போடாமல் சொந்தக் காட்டுக் கரிசலையே கொட்டி நிரப்பினார். சும்மா கிடைக்கிற மண்ணை விட்டுவைக்கிற ஆள் எங்கள் பக்கம் இன்னும் பிறக்கவில்லை. கரிசல் தண்ணீர் குடித்தால் ஊதும். அது அவருக்கும் தெரியும்.

3

(ஏன் பேச்சில்லை? முதலில் சொத்துத் தகராறு என்று எழுதினேன். அந்தச் சரக்கு எல்லாக் கடையிலும் தேங்கிக் கிடக்கிறது. திருப்பி அனுப்பிவிட்டேன்.)

அழகுமீனா சாத்தூரில் பட்டாசுக் கடை வைத்திருக்கிறாள். சரக்கு அண்ணன் கம்பெனியிலிருந்து வரும். தீபாவளி சீசனில் வெளியூர் ஆர்டரை முதலில் ஏற்றிவிட்டுச் சொந்தக்காரருக்குக் கடைசி லோடு அனுப்புவது இங்கே வழக்கம். வெளியாள் கோபித்தால் அடுத்த வருடம் வரமாட்டான். சொந்தம் எங்கே போய்விடும்? ‘பொறுத்துக்கிடுவா’ என்று காளிராஜ் வருடாவருடம் அனுப்பினார். போன சீசனில் அவள் வேறு கம்பெனியின் கிஃப்ட் பாக்ஸை இறக்கினாள். அந்தக் கம்பெனிப் பெயர் போட்ட பை ஒன்றை, அண்ணன் மாடியிலிருந்து தெரிகிற மாதிரி வாசலில் மாட்டியும் வைத்தாள்.

4

ஐப்பசி மழையில் சுவருக்குத் தொந்தி விழுந்தது.

தொந்திக்கு நேர் கீழே அழகுமீனாவின் துவைக்கிற கல். காலையில் காளிராஜ் கத்தரிச் செடிக்கு நடுவே நின்று எட்டிப் பார்ப்பார். கீழே அவள், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து துவைத்துக்கொண்டிருப்பாள். நிமிரமாட்டாள்.

கற்பகவல்லிக்கென்று நல்ல வசனம் ஒன்று வைத்திருந்தேன். ‘உறவு என்பது—’ என்று ஆரம்பிக்கும். அவள் அதை வாயில் வைக்க மறுத்துவிட்டாள். சொன்னது இதுதான்:

“இங்கன நின்னு மொறச்சா சுவரு உள்ள போயிருமாக்கும்? போயி சொல்லுங்க.”

“நீ போயி சொல்லேன்.”

“கடைசி லோடு அனுப்புனது நானா?”

(இந்த இடத்தில் ஒரு முடிவு கையில் இருந்தது: சுவர் விழுகிறது. நல்லவேளை, கல்லில் யாருமில்லை. சேற்றில் நின்று இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். விற்கும், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு ஒரு பெண்ணைச் சுவருக்கடியில் உட்காரவைத்துச் சூதாட வேண்டும். எனக்குக் கட்டுப்படியாகாது.)

5

தூறலில், சங்கிலிமுத்துவின் டிரில்லிங் மிஷினைத் தூக்கிக்கொண்டு காளிராஜ் கீழே இறங்கி, தங்கை வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றார். துணியைக் கல்லிலேயே போட்டுவிட்டு வந்தாள் அழகுமீனா. கேட்டைத் திறக்கவில்லை.

“சுவரு சரியில்ல மீனா. அங்கன ஒக்காராத. ஓட்டை போடணும். ஒன் பக்கம் இருந்துதான் போட முடியும்.”

“அது எனக்குத் தெரியாதா? தெனமும் அதுக்கு முன்னாலதான ஒக்காந்திருக்கேன்.”

“தெரிஞ்சுமா ஒக்காந்திருந்த?”

“நீங்க எப்ப எறங்கி வருவீகன்னு பாத்துக்கிட்டிருந்தேன்.”

(சத்தியமாக இது நான் யோசித்து வைத்த வரி இல்லை.)

காளிராஜ் மிஷினைக் கை மாற்றிக்கொண்டார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

“வெளியூரு ஆர்டர் எல்லாம் ஏத்தியாச்சாண்ணே? இது எனக்குக் கடைசி லோடா?”

இதற்கு அவர் என்ன சொன்னார்? எழுதிப் பார்த்த பதில்களில் ஒன்று சிரிப்புக் காட்டியது, ஒன்று காலில் விழுந்தது, ஒன்று தள்ளுபடி பேசியது. எல்லாம் என் குரல், அவருடையது அல்ல. அவர் சுவரில் விடாத ஓட்டையைக் கதையிலாவது நான் விட்டுவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் கடைசி லோடுக்குக் காத்திருக்கிற ஒருவர் உண்டு. அவரிடம் சொல்ல வேண்டியதையே இங்கே எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம். மழை வலுக்கிறது, துணி இன்னும் கல்லில் கிடக்கிறது, பதில் சரியில்லை என்றால் அவள் திரும்பிப் போய் அங்கேயே உட்காருவாள்.

“(                              )”