புளி போட்டுத் துலக்கிய காசு

நெற்றிக்கு ஒற்றை ரூபாய் கேட்டது சங்கு ஊத வந்தவரா, பெரியம்மாவா என்பது குழல்வாய்மொழிக்கு இப்போது சரியாக நினைவில்லை. அன்று நடந்ததில் பாதியை அவளே பிற்பாடு மனதுக்குள் சொல்லிச் சொல்லி ஒழுங்குபடுத்தியிருக்கவும் கூடும். ஆனால் அந்த ஒற்றை ரூபாய் வீட்டில் ஒருவரிடமும் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

அப்பா உலகநாதன் மேலகரத்து வீட்டுக் கூடத்தில் பெஞ்சில் கிடந்தார். தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். துக்கத்துக்கு வந்த ஆண்கள் சட்டைப் பையைத் தடவிவிட்டுச் செல்போனைத்தான் வெளியே எடுத்தார்கள்.

"துட்டெல்லாம் போன்லதான் கெடக்கு. சித்தப்பா நெத்தியில ஸ்கேன் அட்டையவா ஒட்ட முடியும்?" என்றான் பெரியம்மாவின் மகன். இரண்டு பேர் சிரித்துவிட்டு, சாவு வீடு என்பது நினைவுக்கு வந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

"காசுக்கா பஞ்சம் இந்த வீட்ல?" என்று அம்மா அகிலாண்டம் எழுந்து உள்ளே போனாள்.

பஞ்சமில்லைதான். அலமாரி நிறைய ரோமாபுரிக் காசுகள். ஆற்று மணலிலும் பழைய இரும்புக் கடையிலும் பொறுக்கிய, விரல் நகமளவு வெண்கலத் துண்டுகள். ஒரு பக்கம் ராஜாவின் தலை. மறுபக்கம் மூன்று ராஜாக்கள் வரிசையாக நிற்பார்கள். ஓரத்தில் இருவரும் பெரியவர்கள், நடுவில் சின்னவர். எல்லாக் காசிலும் இதே படம்தான். இந்தக் காசில் ஈட்டி சாய்ந்திருக்கிறது, அந்தக் காசில் தலைக்கு மேல் நட்சத்திரம் இருக்கிறது என்று பேதம் பார்த்துப் பிரித்து அடுக்குவதில் ஒரு மனிதரின் ஆயுள் கழிந்தது. அவர் பார்த்த காசுகளிலெல்லாம் நடுவில் நிற்கும் சின்னவர் வலப்பக்கமே திரும்பியிருந்தார். இடப்பக்கம் பார்க்கும் காசு ஒன்று எங்கேயாவது இருந்தே தீர வேண்டும் என்பது அவர் கட்சி.

அவர் அதைத் தேடிய காலமெல்லாம் குற்றாலத்திலிருந்த அவர் லாட்ஜைக் குழல்வாய்மொழிதான் பார்த்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து எண்ணெய்ப் பிசுக்கேறிய விரிப்புகளைத் துவைத்தாள். ஒரு சீசனில் குடித்துவிட்டு வந்தவன் ஒருவன் ஆபீஸ் கதவை எட்டி உதைத்தான். அப்பா லென்ஸிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏட்டி, என்னன்னு பாரு" என்றார். அப்போது அவளுக்குப் பதினாறு வயதிருக்கும். அதன் பிறகு அவள் அவரை வெறுக்கக்கூட இல்லை. வெறுப்பதற்கும் எதிரில் ஒரு ஆள் வேண்டும்.

நல்ல காசுகளை அப்பா பிளாஸ்டிக் உறைகளில் போட்டு வைத்திருந்தார். பாசி ஏறி முகம் தெரியாத கழிசல்கள் மட்டும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடந்தன. அம்மா அதிலிருந்து ஒன்றை எடுத்தாள். குத்துவிளக்கைத் துலக்குவதைப்போலப் புளியும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தாள். அது பளிச்சென்று ஆனதும் சந்தனத்தைக் குழைத்து அவர் நெற்றியில் ஒட்டினாள்.

கடையநல்லூரிலிருந்து துல்கர்னைன் பாய் ரோஜா மாலையோடு வந்தார். வளைகுடாவில் சம்பாதித்ததைத் திரும்பி வந்து பழங்காசு வாங்கியே தொலைத்தவர். அப்பாவுக்கு இருந்த ஒரே கூட்டாளி. மாலையைப் போடக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். பாசக்காரர் என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். அவர் கண் எங்கே நிற்கிறது என்று குழல்வாய்மொழிக்குத் தெரிந்தது.

"தங்கச்சி, இது எதுலேருந்து எடுத்தது?"

"ஹார்லிக்ஸ் பாட்டில்லேருந்து. அம்மா புளி போட்டுத் தேய்ச்சா."

"புளியா? பழங்காசத் தேய்க்கவே கூடாதே!" அவர் கண்ணை மூடித் திறந்தார். வீட்டில் இரண்டாவது சாவு விழுந்துவிட்டதைப் போலிருந்தது அவர் முகம். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சின்னவரு இடப்பக்கம் பாக்குதாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்பா ஊரெல்லாம் தேடியது அவர் அலமாரியிலேயே இருந்திருக்கிறது. கையில் எடுத்துப் பார்த்து, தேறாது என்று அவரே தள்ளிய கழிசல். வீட்டைப் பார்க்காதவர் காசையாவது ஒழுங்காகப் பார்த்தார் என்று நினைத்திருந்தாள். அதுவும் இல்லை.

"வேற காசு வச்சிட்டு இத எடுத்துக்கிடுவோம். அண்ணாச்சி பேரப் போட்டு நாணயப் பத்திரிகைக்கு நான் எழுதுதேன், அவரு பேரு நெலைக்கும். இல்லன்னா சுடுகாட்டுல மாடக்கண்ணு எடுத்துக்கிடுவான், நெத்திக்காசு அவன் பாத்தியம்."

பெங்களூரிலிருந்து வந்திருந்த தம்பி கௌரிசங்கர் போனை அணைத்துவிட்டு அருகே வந்தான். "எடுத்துருவோம்க்கா. அப்பா லைஃபுக்கே இதுதான் அர்த்தம்."

"அப்பா லைஃபப் பத்தி ஒனக்கு யாரு சொன்னா? நீ பேசுனதெல்லாம் தீவாளிக்குத் தீவாளி போன்ல."

அம்மா தலையை நிமிர்த்தவில்லை. "நெத்தியில வச்சத எடுக்க மாட்டாங்க. அவ சொல்லட்டும். அவதான எல்லாத்தையும் பாத்தா."

மூன்று பேரும் அவள் சொல்லுக்குக் காத்திருந்தார்கள். அப்பாவின் காசுகளைப் பற்றி அந்த வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்டது அதுதான் முதல் தடவை. நகத்தால் நெம்பினால் போதும், வந்துவிடும். அவர் பேர் நிலைக்கும். நெம்பாவிட்டால் அப்படி ஒருத்தர் காசு பொறுக்கியதே யாருக்கும் தெரியாமல் போகும்.

அவள் குனிந்தாள். ராஜாக்கள் துலக்கமாக நின்றார்கள். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அதன் கீழே, வலப்புருவத்து மயிருக்குள் ஒரு மச்சம். அவள் அதைப் பார்த்ததே இல்லை. எப்போதும் குனிந்தே இருந்த முகம். அவள் நகம் காசின் ஓரத்தைத் தொட்டபடி வெகுநேரம் இருந்தது.

"இருக்கட்டும்" என்று கையை எடுத்தாள்.

"தங்கச்சி, ஒருக்கா யோசிச்சு..."

"மாலையப் போடுங்க பாய். வந்ததுலேருந்து அவரு மொகத்த நீங்க இன்னும் பாக்கல."

அவர் மாலையைப் போட்டார்.

காசை மாடக்கண்ணுதான் எடுத்தார். எந்தக் கடையிலும் வாங்கவில்லை என்று சிற்றாற்றில் எறிந்துவிட்டதாகப் பாயிடம் சொன்னார். பாய் கொஞ்ச நாள் ஆற்றங்கரையில் அலைந்தார். இப்போது சர்க்கரையில் கால் போய் வீட்டோடு இருக்கிறார். கௌரிசங்கர் உறையிலிருந்த காசுகளைப் பெங்களூருக்குக் கொண்டுபோனான். பெட்டி இன்னும் பிரிக்கப்படவில்லை. அம்மா மேலகரத்து வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு வந்துவிட்டாள். லாட்ஜைக் குழல்வாய்மொழியே நடத்துகிறாள். ஆபீஸ் அறையில் மாட்டுவதற்கு அப்பாவின் போட்டோவைத் தேடினாள். தலை நிமிர்ந்த படம் கிடைக்காமல், வாக்காளர் அட்டையிலிருந்ததைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறாள். அதில் மச்சம் விழவில்லை.