தரைக்குப் போடுகிற சிவப்பு

1

இந்தக் கதை எனக்கு ஒரு கரண்டியிலிருந்து கிடைத்தது. இன்று மதியம் இரண்டரைக்கு, புதுக்கோட்டையில் ஒரு வீட்டு மாடியில், கொத்தனார் பிச்சை தன் சிவப்புத் தூள் டப்பாவிலிருந்து சின்ன எவர்சில்வர் கரண்டி ஒன்றை எடுத்து நீட்டினார். இப்போது மணி மூன்று பத்து. நான்கரைக்குள் நான் இதை முடித்தாக வேண்டும்.

முதல் தொடக்கம்: தேன்மெழுகு உருகும் வாசனை, பனி பெய்யும் ஊரின் ஜன்னலோரத்தில்...

(வேண்டாம். நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் பனி பெய்யும். இங்கே வெயில் சூட்டில் மாடியில் கால் வைக்க முடியவில்லை.)

2

பாத்திரம்: ரிஃபானா, வயது இருபத்து மூன்று. (நான் இல்லை.) வீட்டிலேயே நிறம் சேர்த்த லிப் பாம் செய்கிறாள். தேன்மெழுகு, தேங்காய் எண்ணெய், நிறத்துக்கு அயர்ன் ஆக்சைடு என்கிற கனிமத் தூள். அழகுப் பொருட்களுக்கென்றே சுத்தம் செய்த தூள் அது. கூரியரில் வரும்.

தோழி ஜனனிக்குத் திருமயம் பக்கத்துக் கிராமத்தில் இன்று நான்கரைக்கு நிச்சயதார்த்தம். தோழிகளின் தாம்பூலப் பையில் வைக்கப் பதினொன்று, தனக்கு ஒன்று, ஆகப் பன்னிரண்டு டப்பி கேட்டிருந்தாள்.

"ஆத்தா கடையில வாங்குங்கிறாக. நான் ஒன்னத்தான்டி நம்பியிருக்கேன். மானத்த வாங்கிராத."

ஏழு டப்பியோடு தூள் தீர்ந்துவிட்டது. மாடியில் சிவப்புத் தரை போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. கொத்தனாரின் டப்பாவிலும் ரெட் ஆக்சைடு என்றுதான் எழுதியிருந்தது. மீதி ஐந்துக்கு அதிலிருந்து கரண்டியால் அள்ளினாள்.

இவ்வளவு விவரம் தெரிந்த பெண் இதைச் செய்வாளா? எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் நம்பிக்கை வரவில்லை.

திருத்தம்: செய்வாள். கூரியர் வர இரண்டு நாள் ஆகும் என்றால் செய்வாள். மணிக்கட்டில் தடவிப் பார்த்தாள், ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் நறநறத்தது. ஆறினால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பன்னிரண்டும் ஒரே நிறம். எது எந்தத் தூள் என்று இப்போது அவளுக்கே தெரியாது.

3

"ஏம்மா ரிஃபானா, ஒங்க வீட்டுக் கரண்டியா? சீனி டப்பாவுல தேடிக்கிட்டு இருப்பாக."

"கலருக்குக் கொஞ்சம் எடுத்தேண்ணே. ஒதட்டுக்குப் போடுறது செய்ய."

"ஒதட்டுக்கா? அப்ப பாலிஷ் போடவும் ஆள் அனுப்பவா?" சிரித்த பிச்சை சட்டென்று நிறுத்தினார். "வெறும் காவி இல்லம்மா அது. சிமெண்ட் கலந்து சலிச்சு வச்சிருக்கேன். ஈரத்துல பட்டா தோலு வெந்துரும். எங் கையப் பாரு."

விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது.

"யாருக்கும் குடுக்கலையில்ல?"

"குடுக்கல," என்றாள்.

[இந்த வரியை அடித்துவிடலாமா? வேண்டாம். அப்படித்தான் சொன்னேன்.]

4

ஆம், சொன்னேன். இனி 'அவள்' இல்லை.

முடிவு ஒன்று: நல்ல ஏழில் ஒன்று ஜனனிக்கு வாய்க்கிறது. (மீதி ஐந்து யார் உதட்டுக்கு?)

முடிவு இரண்டு: தாம்பூலப் பைகள் வந்த கார் வழியில் நின்றுபோய்... (டப்பிகளோடு பைகள் நேற்றே போய்ச் சேர்ந்துவிட்டன.)

முடிவு மூன்று: மாப்பிள்ளை வீட்டார் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். பதற்றத்தில் ஜனனி உதட்டை நாக்கால் ஒரு தடவை

5

மூன்று நாற்பது. ஜனனியிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் வருகிறது:

"டீ, மேக்கப் முடிஞ்சிருச்சு. ஒதட்ட மட்டும் பார்லர் அக்காவத் தொட விடல. ஒன்னோடதத்தான் போடுவேன்னுட்டேன். அக்கா மூஞ்சி இம்புட்டு நீளத்துக்குப் போச்சு!"

நான் எழுதிக்கொண்டிருக்கும்வரை அவள் டப்பியைத் திறக்கமாட்டாள் என்று நினைத்திருந்தேன். நாவல்கள் கொடுத்த பழக்கம். கதை என் கையில் இருக்கிறது, டப்பி அவள் கையில்.

கூப்பிட்டுவிட்டேன். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எழுதுகிறேன். அவளிடம் சொல்ல நான்கு வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன். நான்கும் 'மன்னிச்சிரு' என்று தொடங்குகின்றன. நான்கையும் அடித்தேன். முதலில் வர வேண்டிய சொல் 'தடவாத'. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசாமல் போகட்டும்.

ரிங் போகிறது. மூன்று. நான்கு.

எடுத்துவிட்டாள். "ம், சொல்லுடி." வாயை அசைக்காமல் பேசுகிறவளின் குரல்.

"ஜனனி..."

"இரு, ஒரு நிமிஷம்."

எதைச் செய்து முடிக்க அந்த ஒரு நிமிஷம் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் பேனாவைப் போட்டுவிட்டுக் கத்தப் போகிறேன்.