கராவாவுக்கு வாங்கிய காகிதங்கள்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. நம் ஊர்ப் பூனை ஒன்றை ஆஸ்திரியாவுக்குக் கொண்டுபோன கதை சொல்கிறேன். ரத்தம் நிறைய வரும். தாங்க முடியாதவர்கள் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், பாதியில் மட்டும் எழுந்து போகாதீர்கள்.

தேசங்காவை அவள் புருஷன் ஸ்டனோயே அடிப்பது ஊரறிந்த சங்கதி. முன்பல்லை உடைத்திருந்தான், விலாவை ஒருமுறை. அந்த ஆகஸ்டு மாதம் மண்வெட்டிக் காம்பை எடுத்தான். அவள் தரையில் சுருண்டு கிடக்க, தலையைப் பார்த்து ஓங்கினான். அடுப்புக்குப் பக்கத்தில் படுத்திருந்த கராவா, சட்டிக்கரி நிறத்தில் ஒரு பெண் பூனை, எகிறி அவன் முகத்தில் பாய்ந்தது. கன்னம் கிழிந்தது. அவன் அதைப் பிய்த்தெடுத்துப் பின்னங்காலைப் பிடித்துச் சுவரில் அடித்தான். கால் முறிந்த சத்தம் தன் எலும்பு முறிந்ததைவிடப் பெரிதாகக் கேட்டது என்று பிறகு என்னிடம் சொன்னாள். அவன் முகம் கழுவப் போன நேரத்தில் பூனையைக் கோணிப்பையில் போட்டுக்கொண்டு ஏழு கிலோமீட்டர் நடந்து அண்ணன் விடோயே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“என் மூஞ்சியில கோடு போட்ட பூனை. அது தோல உரிச்சு வாசக்கதவுல ஆணியடிக்கலன்னா நான் ஸ்டனோயே இல்ல” என்று அவன் மதுக்கடையில் சொல்லிவிட்டான். சொன்னதைச் செய்கிறவன்.

ஆஸ்திரியாவில் லின்ஸ் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் தேசங்காவுக்கு வேலை கிடைத்தது. டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி அங்கே போய் நிற்க வேண்டும், தவறினால் வேலை வேறொருத்திக்கு. அவள் மட்டும் என்றால் என்றைக்கு வேண்டுமானாலும் பஸ் ஏறலாம். பூனையை விட்டுவிட்டுப் போனால் அது ஒரு வாரம் உயிரோடு இருக்காது. தன் உயிருக்குக் குறுக்கே பாய்ந்ததை அப்படி விட அவளுக்கு மனம் வரவில்லை.

கால்நடை டாக்டரம்மா ஸோர்க்கா காலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, வெறிநோய் ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்டார். வசந்தத்தில் ஊருக்கு வந்து வரிசையாகப் போடுவார்களே, அதில் போட்டாயிற்று என்றாள் இவள். அடையாள எண் உள்ள சிப் வைத்தது எப்போது என்றார் டாக்டரம்மா. நம் ஊரில் நாய்க்கு வைப்போம், பூனைக்கு யார் வைக்கிறார்கள்?

“அப்ப அந்த ஊசி கணக்குல வராதும்மா” என்றார் டாக்டரம்மா. “எந்தப் பூனைக்குப் போட்டோம்னு காகிதத்துக்குத் தெரியணும்ல? ஊருல கறுப்புப் பூனை நாப்பது இருக்கு.”

பூனை எல்லை தாண்ட வேண்டுமென்றால் எல்லாம் முதலிலிருந்து. முதலில் தோலுக்கடியில் சிப், அதற்குப் பிறகு ஊசி. முப்பது நாள் கழித்து ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ரத்தச் சோதனை மட்டும் ஒரு பன்றிக்குட்டி விலை. கூண்டு, பஸ்காரன் கூலி, கடைசி முத்திரை எல்லாம் தனி. இலையுதிர் காலம் முழுக்கப் பிறர் தோட்டத்தில் பிளம் பழம் பொறுக்கி அவள் அந்தக் காசைச் சேர்த்தாள். ரத்தம் எடுத்தது செப்டம்பர் இருபது. ஆக, டிசம்பர் இருபதாம் தேதி காலையில் அரசு டாக்டர் பூனையைப் பார்த்து முத்திரை குத்த வேண்டும், மறுநாள் பஸ்.

அதற்கு முந்தின நாள், பத்தொன்பதாம் தேதி, புனித நிக்கோலா நாள். விடோயே வீட்டு ஸ்லாவா, வீட்டைக் காக்கும் புனிதருக்கு வருஷா வருஷம் வைக்கிற விருந்து.

ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை, வந்தவரைத் திருப்புவதும் இல்லை. வீட்டுக்காரர் நாள் முழுக்க உட்காராமல் நின்று பரிமாறுவார். விருந்தாளி மேல் அவர் கை பட்டால் அந்த வீட்டைப் புனிதர் விட்டுப் போய்விடுவார் என்று நாம் நம்புகிறோம். இது ஸ்டனோயேவுக்கும் தெரியும். நண்பகலில், முகம் மழித்து, நல்ல கோட்டு மாட்டிக்கொண்டு உள்ளே வந்தான். சிலுவை போட்டுக்கொண்டான். வந்தவர்களுக்கு முதலில் நீட்டுகிற அவித்த கோதுமையை ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு விருந்துக்குப் போயிருந்த எனக்கு நேரெதிரே உட்கார்ந்தான். கன்னத்தில் அந்தத் தழும்பு.

“என்ன மச்சான், நின்னுக்கிட்டே இருக்க, கால் வலிக்கலயா?” என்றான்.

விடோயே அவன் கிளாசில் ராக்கியாச் சாராயம் ஊற்றினார்.

மூன்றாவது கிளாசோடு அவன் எழுந்து பின்னறைக் கதவை உதைத்துத் திறந்தான். பூனையோடு அங்கே ஒளிந்திருந்த தேசங்கா கூண்டைக் கட்டிப்பிடித்தாள். வாயில் குத்தினான், விழுந்தாள். மயிரைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு, கூண்டோடு முற்றத்தில் விறகு பிளக்கும் கட்டைக்குப் போனான். நாங்கள் எல்லோரும் எழுந்துவிட்டோம். விடோயே மீன் தட்டோடு வாசலில் மரம் மாதிரி நின்றார், முகத்தில் ரத்தமே இல்லை.

ஸ்டனோயே கூண்டுக்குள் கையை விட்டான். கராவா கட்டைவிரலை எலும்புவரை கடித்துத் தொங்கியது. உதறினான், கத்தினான், கூண்டின் மேலேயே அடித்தான். பூனை பிடியை விட்டு மூலைக்குப் போய் ஒண்டியது. ரத்தம் சொட்டுகிற விரலைப் பார்த்தவன் சிரித்தான்.

“கடிச்சிருச்சு. எல்லாரும் பாத்தீங்கல்ல? இனி நான் எதுக்குக் கொல்லணும்? ஆஸ்பத்திரியில காட்டுறேன். கடிச்ச மிருகத்துக்கு வெறிநோய் இருக்கான்னு பத்து நாள் அடைச்சு வெச்சுப் பாக்கணும், சட்டம். பஸ்ஸு நாளைக்கழிச்சு இல்ல? போயிட்டு வாடி.”

கைக்குட்டையைச் சுற்றுவதற்காகக் கையைக் கட்டையின் மேல் வைத்தான்.

தேசங்கா வாயைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டையருகே கிடந்த கோடாலியை எடுத்தாள். “தங்கச்சி, அவன் விருந்தாளி” என்றார் விடோயே.

“நானும் இந்த வீட்டுல விருந்தாளிதாண்ணா. நம்ம வழக்கம் கையக் கட்டிப்போட்டது உங்களுக்கு மட்டும்தான்.”

கோடாலியைத் திருப்பி மழுங்கல் பக்கத்தால் இறக்கினாள். ஒருமுறை. அவன் கையை இழுப்பதற்குள் இன்னொரு முறை. அவன் மண்டியிட்ட பிறகும் ஒன்று. கட்டைவிரல் இருந்த இடத்தில் பல் பட்ட அடையாளத்தைத் தேட இனி எந்த டாக்டராலும் முடியாது. முற்றத்துப் பனி கோழி அறுத்த இடம் மாதிரி இருந்தது. எங்களில் ஒருவர்கூட அவள் கையைப் பிடிக்கவில்லை. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்க மாட்டேன்.

இருவர் அவனைக் காரில் ஏற்றினார்கள். விருந்தாளி வெறுங்கையோடு போகக் கூடாதென்று விடோயே ஸ்லாவா ரொட்டியில் ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றி அவன் சட்டைப்பையில் வைத்தார்.

ஆஸ்பத்திரியில் கை எப்படி நசுங்கியது என்று கேட்டார்கள். பூனை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். பெண்டாட்டி என்றால் நம்புவார்கள், அப்புறம் மதுக்கடையில் தலைகாட்ட முடியாது. விறகு விழுந்துவிட்டது என்றான்.

மறுநாள் காலை அரசு டாக்டர் கராவாவின் கழுத்தில் கருவியைத் தடவினார். எண் ஒத்துப்போனது. காலைத் தூக்கிப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார், முத்திரை குத்தினார். அதற்கடுத்த நாள் ஹங்கேரி எல்லையில் அதிகாரி காகிதத்தை ஒவ்வொன்றாகப் புரட்டியபோதும் தேசங்கா அசையாமல் நின்றாளாம். பஸ் எல்லையைத் தாண்டிய பிறகுதான் ஒரு கையைக் கூண்டின் கம்பிக்குள் விட்டாள். லின்ஸ் வரைக்கும் எடுக்கவில்லை. பூனை அதன் மேல் தலையை வைத்துத் தூங்கியது.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டில் யார் மேலும் யாரும் கை ஓங்காமல் இருக்கட்டும். உங்கள் வாசலில் கால் வைக்கிறவர்கள் நல்ல மனதோடு வரட்டும். ரெண்டு காலோ நாலு காலோ, உங்கள் கூரைக்குக் கீழே இருக்கிற உயிரெல்லாம் பயமில்லாமல் உண்டு உறங்கட்டும்.